மூடிக் கிடக்கும் தெருமுனை பப்பை இடித்து வீடு கட்டப் போகிறார்கள்: தடுக்க முடியுமா, தடுக்கத்தான் வேண்டுமா?

லண்டனில் குடியிருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. அவர் தெருமுனையில் ஒரு பழைய பப். சில வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது, ஜன்னலுக்கெல்லாம் பலகை அடித்துவிட்டார்கள். இப்போது அதை இடித்து அடுக்குமாடி வீடுகள் கட்ட விண்ணப்பம் வந்திருப்பதாகக் கவுன்சில், அதாவது உள்ளாட்சி மன்றம், நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. அக்கம்பக்கத்தார் மனுவோடு வீடு வீடாக வருகிறார்கள். "குடிக்கிற கடை ஒன்று போனால் என்ன? மூடி வருடக்கணக்கான பிறகு அதைக் காப்பாற்ற முடியுமா? நான் கையெழுத்துப் போட வேண்டுமா?" என்கிறார்.

கையெழுத்துப் போடுங்கள். ஆனால் அது மட்டும் போதாது, தனியாக ஒரு கடிதமும் எழுதுங்கள். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் அந்தக் "குடிக்கிற கடை". தமிழ்நாட்டிலிருந்து வந்தவருக்கு மதுக்கடை என்றாலே டாஸ்மாக்தான் கண்முன் வரும். அங்கே பெண்கள் சாலையில் உட்கார்ந்து கடையை மூடச் சொல்லிப் போராடுகிறார்கள், அதில் முழு நியாயம் இருக்கிறது. இங்கே மூடாதே என்று போராடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு இடங்கள். வாங்கிக் குடித்துவிட்டுப் போவதற்கு இங்கேயும் சூப்பர்மார்க்கெட் இருக்கிறது, அங்கே விலையும் குறைவு. பப்புக்கு ஆட்கள் போவது உட்கார இடம் வேண்டும் என்பதற்காக. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் குழந்தைகளோடு வருவார்கள். சவ அடக்கம் முடிந்து உறவினர் எல்லாரும் நேராக அங்கே போய் உட்கார்ந்து இறந்தவரைப் பற்றிப் பேசுவார்கள். உள்ளூர் கால்பந்து அணி, வினாடி வினா இரவு, டார்ட்ஸ் போட்டி, மாடியில் ஒரு கூட்ட அறை. மனைவியை இழந்த எழுபது வயதுக்காரர் ஒருவர் ஒரே ஒரு கிளாஸ் வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார், அன்று அவர் பேசும் நாலு வார்த்தை அங்கேதான் பேசியிருப்பார். ஆரஞ்சு ஜூஸ் மட்டும் குடிப்பவரையும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

அந்த உட்காரும் உரிமை நம்மவர்க்குச் சும்மா கிடைத்ததும் இல்லை. 1960-களில் பர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் ஸ்மெத்விக் ஊரில் சில பப்கள் இந்தியர்களை உள்ளே விடவில்லை, சில அவர்களுக்கென்று தனி அறை ஒதுக்கின. இந்தியத் தொழிலாளர் சங்கத்தார் அதை எதிர்த்தார்கள். 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் அந்த ஊருக்கு வந்து நேரில் பார்த்துவிட்டுப் போனார். அதே வருடம் வந்த இன உறவுகள் சட்டம்தான் பொது இடங்களில் நிறம் பார்த்து ஒதுக்குவதைச் சட்டவிரோதமாக்கியது. பிறகு அந்த வட்டாரத்தில் கைவிடப்பட்ட பல பப்களைப் பஞ்சாபியர் எடுத்து நடத்தினார்கள். பீரோடு தந்தூரி கிரில்லும் கிடைக்கும் அந்த "தேசி பப்"களுக்கு இன்று வெள்ளைக்காரர்கள் குடும்பத்தோடு தேடிப் போகிறார்கள். லண்டன் சவுத்ஹாலில் கிளாஸி ஜங்ஷன் என்றொரு பப் இந்திய ரூபாயையே வாங்கிக்கொண்டது, 2012-இல் அதுவும் மூடியது. ஆகவே இதை "அவர்கள் சமாச்சாரம்" என்று ஒதுக்க நான் தயாராக இல்லை.

சரி, இவை ஏன் மூடுகின்றன? 2000-ஆம் ஆண்டில் பிரிட்டனில் சுமார் 60,000 பப்கள் இருந்தன. இப்போது சுமார் 45,000. கேட்டால் எல்லாரும் சொல்லும் காரணங்கள் உண்டு: 2007 ஜூலையில் இங்கிலாந்தில் வந்த புகைத்தடை, சூப்பர்மார்க்கெட்டின் மலிவு பீர், 2008 முதல் 2013 வரை விலைவாசியைவிட வேகமாக ஏற்றப்பட்ட பீர் வரி, குடியைக் குறைத்துவிட்ட இளைய தலைமுறை, கோவிட், அதற்குப் பின் எகிறிய மின் கட்டணம். எல்லாம் உண்மை. ஆனால் லண்டன் போன்ற ஊரில் இவற்றை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். நல்ல வியாபாரம் நடந்துகொண்டிருந்த பப்களும் இங்கே மூடியிருக்கின்றன. அதற்கு 1989-க்குப் போக வேண்டும்.

அதுவரை நாட்டின் பப்களில் பெரும்பகுதி பீர் காய்ச்சும் ஆறு பெரிய மதுவாலைகளின் கையில் இருந்தது. ஏகபோகத்தை உடைக்கிறோம் என்று அரசு அந்த வருடம் ஒரு ஆணை போட்டது. 2,000 பப்களுக்கு மேல் வைத்திருக்கும் மதுவாலை, அந்த எல்லைக்கு மேற்பட்டவற்றில் பாதியை விற்க வேண்டும், அல்லது தன் பீரைத்தான் வாங்க வேண்டும் என்ற கட்டிலிருந்து விடுவிக்க வேண்டும். நோக்கம் நல்லதுதான். நடந்தது வேறு. பீரே காய்ச்சாத, கட்டடம் மட்டும் வைத்திருக்கும் புதிய கம்பெனிகள் முளைத்து அந்தப் பப்களை ஆயிரக்கணக்கில் வாங்கின. ஆணை மதுவாலைகளுக்கு மட்டும் என்பதால் அது இவர்களைக் கட்டுப்படுத்தவில்லை. என்டர்பிரைஸ் இன்ஸ், பஞ்ச் டாவர்ன்ஸ் என்ற இரண்டும் ஒரு கட்டத்தில் ஆளுக்குச் சுமார் 9,000 பப் வரை வைத்திருந்தன. வாங்கியது எல்லாம் கடனில், பல நூறு கோடி பவுண்டு கடன். பப் நடத்துபவர் அவர்களுக்கு வாடகையும் கொடுக்க வேண்டும், பீரையும் அவர்களிடமே சந்தை விலையைவிட அதிகம் கொடுத்து வாங்க வேண்டும். 2008-இல் பொருளாதாரம் சரிந்தபோது அந்தக் கடனை அடைக்கச் சுலபமான வழி ஒன்றுதான் இருந்தது: காலடியில் இருக்கும் நிலம். 2016-இல் பப் நடத்துபவர்களுக்குப் பாதுகாப்பாக ஒரு சட்டவிதி வந்தது. இப்படிப் பீர்க் கட்டு போட்ட பப்கள் 500 அல்லது அதற்கு மேல் வைத்திருக்கும் கம்பெனிகளிடம், பீர்க் கட்டு வேண்டாம், சந்தை வாடகை மட்டும் தருகிறேன் என்று கேட்கலாம். அதற்குள் எத்தனையோ பப்கள் கைமாறிவிட்டன.

ஒரு பப்பை பப்பாகவே விற்றால் ஒரு விலை. அதே மனையில் வீடு கட்டலாம் என்றால் லண்டனில் அதைவிடப் பல மடங்கு. தெருமுனை மனை, இரண்டு பக்கமும் வெளிச்சம், பின்னால் தோட்டம், கீழே நிலவறை, பெரும்பாலும் ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரம். கட்டுமானக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்? மாதா மாதம் லாபம் காட்டும் பப்புகூட இந்தக் கணக்கின் முன்னால் தோற்கும். பெரும்பாலான விண்ணப்பங்களின் அடியில் இருப்பது இந்த வித்தியாசம்தான், உங்கள் தெருமுனை பப்பைப் பார்க்கும்போதும் இதை மனதில் வையுங்கள்.

இனி "மூடிக் கிடக்கிறதே" என்ற கேள்வி. பூட்டிய கட்டடம் தானாகச் செத்தது போலத் தெரியும். பல இடங்களில் அது படிப்படியாக நடத்திச் செல்லப்படுகிறது. நீண்ட குத்தகை தராமல் சில மாதக் குத்தகைக்கு ஆள் வைப்பார்கள். அந்த ஆள் கையிலிருந்து பணம் போட்டுச் சமையலறையைச் சரிசெய்ய மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. கூரை ஒழுகும், பழுது பார்க்க மாட்டார்கள். வியாபாரம் இறங்கும். மூடுவார்கள். பலகை அடிப்பார்கள். புறா குடியேறும், யாராவது உள்ளே புகுந்து செம்புக் குழாயைக் கழற்றிக்கொண்டு போவார்கள், ஒரு நாள் தீப்பிடிக்கும். கடைசியில் விண்ணப்பத்தில் எழுதுவார்கள்: இந்தக் கட்டடம் தெருவுக்கே அசிங்கமாக நிற்கிறது, நடத்த யாரும் முன்வரவில்லை. எல்லா உரிமையாளரும் இப்படிச் செய்வதில்லை. நேர்மையாக நடத்திப் பார்த்து முடியாமல் விட்டவர்களும் உண்டு. எது என்று தெரிந்துகொள்ளத்தான் ஆவணங்களைப் படிக்கச் சொல்கிறேன்.

கவுன்சில் இணையதளத்தில் விண்ணப்ப எண்ணைத் தட்டினால் எல்லா ஆவணமும் வரும். வரைபடங்களை விட்டுவிடுங்கள். பப் நடத்த லாயக்கில்லை என்று சொல்லும் அறிக்கையையும், விற்பனைக்கு விட்டோம் யாரும் வாங்கவில்லை என்று காட்டும் சான்றையும் தேடி எடுங்கள். லண்டன் மேயரின் வளர்ச்சித் திட்டமான 2021 லண்டன் திட்டத்தில் ஹெச்சி7 (HC7) என்ற கொள்கை இருக்கிறது. பாரம்பரிய, சமூக, பொருளாதார, பண்பாட்டு மதிப்புள்ள பப்பை இழக்கும் விண்ணப்பத்தைக் கவுன்சில் மறுக்க வேண்டும், இனி பப்பாக நடக்க வாய்ப்பே இல்லை என்பதற்கு உறுதியான சான்று இருந்தால் ஒழிய, என்கிறது அது. குறைந்தது 24 மாதம், சுயேச்சையான மதிப்பீட்டுக்குப் பின் ஒத்துக்கொண்ட விலையில், பப்பாகவே சந்தையில் விட்டிருக்க வேண்டும். ஆகவே பாருங்கள்: உண்மையிலேயே இருபத்து நான்கு மாதம் விட்டார்களா? கேட்ட விலை பப் விலையா, வீட்டு மனை விலையா? பீர்க் கட்டு இல்லாமல் கொடுத்தார்களா? முழு உரிமையோடு விற்க முன்வந்தார்களா, குறுகிய குத்தகை மட்டும்தானா? கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்களா? அந்தப் பகுதியில் பப் நடத்தும் ஒருவர் "நான் கேட்டேன், பதிலே வரவில்லை" என்று கவுன்சிலுக்கு ஒரு கடிதம் எழுதினால் அதன் எடை ஆயிரம் கையெழுத்தைவிட அதிகம். 1971-இல் தொடங்கிய கேம்ரா என்ற பீர் ஆர்வலர் அமைப்பு, ஒரு பப் பிழைக்குமா என்று சோதிக்க ஒரு கேள்விப் பட்டியலே தயாரித்து வைத்திருக்கிறது. அதை வைத்து விண்ணப்பதாரரின் அறிக்கையை வரி வரியாக மடக்கலாம்.

இந்த அளவு பாதுகாப்பு எப்போதும் இருந்ததில்லை. 2017 மே மாதம் வரை இங்கிலாந்தில் பெரும்பாலான பப்களைக் கடையாகவோ உணவகமாகவோ மாற்ற பிளானிங் அனுமதி, அதாவது கட்டடத்தையும் அதன் பயனையும் மாற்றக் கவுன்சில் தரும் அனுமதி, வேண்டியதில்லை. பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் பட்டியலிலோ, பழைய தோற்றத்தைக் காக்க ஒதுக்கிய பாதுகாப்புப் பகுதியிலோ இல்லாத பப்பை இடிக்கவும் முழு அனுமதி தேவைப்படவில்லை. இடித்துவிட்டு, வெறும் மனையாக்கி, அதன் பிறகு வீட்டுக்கு விண்ணப்பிப்பார்கள். காப்பாற்றத்தான் அப்போது எதுவும் மிச்சமிருக்காதே. 2017-க்குப் பிறகு இரண்டுக்கும் அனுமதி வேண்டும்.

கார்ல்டன் டாவர்ன் கதையை இங்கே சொல்லியே ஆக வேண்டும். மேற்கு லண்டனில் கில்பர்ன் பக்கம் கார்ல்டன் வேல் தெருவில் இருக்கிறது. சாரிங்டன் மதுவாலைக்காக 1920-21-இல் கட்டியது, வெளியே பளபளக்கும் சுட்ட ஓடுகள், உள்ளே மரவேலை. அதைப் பத்து வீடுகளாக்கக் கேட்ட விண்ணப்பத்தை வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் மறுத்துவிட்டது. அக்கம்பக்கத்தாருக்குச் சந்தேகம், கட்டடத்தைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கும்படி கேட்டிருந்தார்கள். அந்த முடிவு வரச் சில நாள்களே இருந்தன. 2015 ஏப்ரல், ஈஸ்டர் சமயம். சரக்குக் கணக்கெடுக்கிறோம், கடை மூடியிருக்கும் என்று பணியாளர்களிடம் சொன்னார்கள். ஏப்ரல் 8 அன்று இயந்திரம் வந்து இடித்துத் தள்ளியது. அனுமதி ஏதும் இல்லை.

இப்படி நடந்தால் வழக்கமாக ஒரு அபராதத்தோடு முடியும், அபராதத்தையும் திட்டச் செலவில் சேர்த்துவிடுவார்கள். இந்த முறை கவுன்சில் அசையவில்லை. இருந்தது போலவே, செங்கல் செங்கலாக, திருப்பிக் கட்டு என்று உத்தரவு போட்டது. உரிமையாளர் கம்பெனி மேல்முறையீடு செய்தது, பொது விசாரணை நடந்தது, 2016-இல் மேல்முறையீட்டை விசாரிக்கும் பிளானிங் ஆய்வாளரும் அதையே உறுதிசெய்தார். பட்டியல் விசாரணைக்காகக் கட்டடத்தை முன்னமே ஓடு ஓடாகப் பதிந்து, அச்சும் எடுத்து வைத்திருந்தார்கள். அதனால் "எப்படி இருந்தது என்று தெரியாது" என்று சொல்லித் தப்ப முடியவில்லை. இடிபாட்டிலிருந்து எடுத்த பொருள்களையும் சேர்த்துக் கட்டினார்கள். 2021 ஏப்ரலில் கதவு திறந்தது. சந்தேகம் வந்தவுடன் ஆவணப்படுத்தியதுதான் அந்தப் பப்பைக் காப்பாற்றியது. உங்கள் பப்பையும் இந்த வாரமே சுற்றிச் சுற்றிப் படம் எடுங்கள். பெயர்ப்பலகை, ஓடு, செதுக்கிய கண்ணாடி, கதவுப் பிடி வரை. உள்ளே எடுத்த பழைய படங்கள் யாரிடமாவது இருந்தால் வாங்கி வையுங்கள்.

இதற்குப் பிறகும் 2023 ஆகஸ்டில் ஸ்டாஃபோர்ட்ஷயரின் ஹிம்லியில், சுரங்கத்தால் நிலம் இறங்கிச் சாய்ந்து நின்ற "குரூக்கட் ஹவுஸ்" பப் விற்கப்பட்ட சில நாள்களில் தீப்பிடித்து, இரண்டே நாளில் இடிக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் அதையும் திருப்பிக் கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. சட்டம் இருந்தும் இப்படி நடக்கிறது என்பதால்தான் பக்கத்தில் இருப்பவர்கள் கண் வைத்திருக்க வேண்டும் என்கிறேன்.

இன்னொரு கருவி "சமூக மதிப்புள்ள சொத்து" என்ற பட்டியல், 2011 உள்ளாட்சிச் சட்டம் தந்தது. பதிவு பெற்ற சங்கம்கூட வேண்டாம், உள்ளூர் வாக்காளர் 21 பேர் சேர்ந்து கேட்டால் போதும். எட்டு வாரத்தில் கவுன்சில் முடிவு சொல்ல வேண்டும். பட்டியலில் வந்தால் ஐந்து வருடம் இருக்கும். உரிமையாளர் விற்க நினைத்தால் முதலில் அறிவிக்க வேண்டும். நாங்கள் வாங்க முயல்கிறோம் என்று உள்ளூர்க் குழு ஆறு வாரத்துக்குள் கை தூக்கினால் மொத்தம் ஆறு மாதம் விற்பனை நிற்கும். அந்த ஆறு மாதத்தில் பணம் திரட்ட வேண்டும். திரட்டினாலும் உங்களுக்குத்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அதனால் பலர் இதைப் பல்லில்லாத சட்டம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பட்டியலில் இருப்பதே பிளானிங் முடிவில் கணக்கில் வரும். மூடிய பப்பையும் சேர்க்கலாம், "அண்மைக் காலத்தில்" மக்களுக்குப் பயன்பட்டிருந்தால் போதும். அந்த அண்மைக் காலம் எவ்வளவு என்று சட்டம் வருடம் குறிக்கவில்லை. சில வருடம் என்றால் இன்னும் வாய்ப்பிருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள்.

தென் லண்டன் நன்ஹெட்டில் ஐவி ஹவுஸ்தான் நாட்டிலேயே முதலில் இந்தப் பட்டியலில் வந்த பப். 2012-இல் திடீரென்று மூடி வீட்டுக் கட்டுமானத்துக்கு விற்க இருந்தார்கள். வாடிக்கையாளர்கள் அவசர அவசரமாக அதைப் பாரம்பரியப் பட்டியலிலும் பிறகு சமூகச் சொத்துப் பட்டியலிலும் சேர்த்து, கடனும் மானியமும் பெற்று 8,10,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். அப்புறம் அக்கம்பக்கத்தாருக்குப் பங்கு விற்று, 2013 ஆகஸ்டில் திறந்தார்கள். ஹாக்னியில் செஷம் ஆர்ம்ஸ் 2012-இல் மூடியது, கட்டுமான உரிமையாளர் கைக்கும் போய்விட்டது. உள்ளூர்க்காரர்கள் விடாமல் நின்றார்கள். அனுமதி இல்லாமல் அங்கே வேறு எதுவும் செய்ய முடியாதபடி கவுன்சில் கட்டுப்பாடு போட, 2015-இல் மீண்டும் பப்பாகத் திறந்தது. மூன்று வருடம் பூட்டிக் கிடந்த கட்டடம்.

வீடு வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும். லண்டன் வாடகை எப்படி இருக்கிறது என்று நம் எல்லாருக்கும் தெரியும், ஒரே அறையில் நாலு பேர் தங்கிய காலம் நம்மில் பலருக்கு உண்டு. அதனால்தான் என்ன வீடு, யாருக்கு வீடு என்று பாருங்கள் என்கிறேன். பொதுவாகப் பத்து வீட்டுக்குக் குறைந்த திட்டத்தில் குறைந்த விலை வீடு தர வேண்டிய கட்டாயம் இல்லை, தனக்கென்று கூடுதல் விதி வைத்திருக்கும் கவுன்சில்கள் தவிர. விண்ணப்பத்தில் ஒன்பது என்று எண் இருந்தால் அது தற்செயலா என்று கேளுங்கள். உண்மையிலேயே நடத்த முடியாத பப், பக்கத்தில் நன்றாக நடக்கும் வேறு இரண்டு, வரப்போவது கவுன்சில் குறைந்த வாடகைக்குத் தரும் வீடுகள் என்றால் நானே எதிர்க்க மாட்டேன். விற்பனைக்கான ஒன்பது சொகுசு வீட்டுக்காக ஊரின் ஒரே பொது அறையைக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

"கீழே பப், மேலே வீடு" என்று சமாதானம் பேச வந்தால் மிகவும் கவனம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பப் நடத்துபவர் குடியிருந்த மாடி போய்விடும், கூட்ட அறையும் தோட்டமும் போய்விடும். நிலவறையை சைக்கிள் நிறுத்துமிடமாகக் காட்டியிருப்பார்கள், பீர்ப் பீப்பாயை எங்கே வைப்பது? கீழ்த்தளத்தை வெறும் சிமெண்ட் கூடாக விட்டுவிட்டு, யாரும் எடுக்கவில்லை என்று இரண்டு வருடம் கழித்து அதையும் வீடாக்கக் கேட்பார்கள். அப்படியே திறந்தாலும் முதல் சனிக்கிழமை பாட்டுச் சத்தத்துக்கு மேல்மாடியிலிருந்து புகார் வரும். ஒலி புகாத தளம், சமையலறைப் புகைபோக்கி, நிலவறை, பப்பை முழுதாகக் கட்டி முடித்து ஒப்படைத்த பிறகே மேல்வீடுகளில் ஆள் குடியேறலாம் என்ற நிபந்தனை: இவை அனுமதியிலோ அதோடு சேர்ந்த ஒப்பந்தத்திலோ எழுத்தில் இருந்தால் மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள்.

கடிதம் எழுதும்போது வீட்டு விலை இறங்கும், என் ஜன்னல் காட்சி மறையும் என்றெல்லாம் எழுதாதீர்கள், அதிகாரி அவற்றைக் கணக்கில் எடுக்க முடியாது. அந்த பப்பில் நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவர்களோ என்ன செய்தீர்கள், நடந்து போகும் தூரத்தில் வேறு என்ன இருக்கிறது, விற்பனைச் சான்றில் என்ன ஓட்டை, ஹெச்சி7-க்கும் உங்கள் கவுன்சிலின் உள்ளூர்த் திட்டத்துக்கும் எங்கே முரண், இவற்றை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். எல்லாரும் ஒரே கடிதத்தை நகலெடுத்து அனுப்பினால் பயன் குறைவு. உங்கள் வார்டு கவுன்சிலரிடம் பேசி, இதை அதிகாரியே முடிவு செய்துவிடாமல் கவுன்சிலர்கள் கூடி முடிவெடுக்கும் பிளானிங் கமிட்டிக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கமிட்டியில் எதிர்ப்பாளருக்குச் சில நிமிடம் தருவார்கள், முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். கவுன்சில் மறுத்தால் விண்ணப்பதாரர் ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். அப்போது ஆய்வாளர் படிப்பதும் நீங்கள் இப்போது எழுதும் கடிதத்தைத்தான்.

ஒருவேளை அனுமதி கிடைத்து இடிப்பது உறுதியாகிவிட்டால், இடிப்பதற்கு முன் ஆஸ்பெஸ்டாஸ் சோதனை சட்டப்படி கட்டாயம். 1999-இல்தான் அது முழுவதும் தடைசெய்யப்பட்டது என்பதால் பழைய பப்களின் கூரையிலும் குழாய் உறையிலும் இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் வீட்டுச் சுவர் ஒட்டியிருந்தால் பொதுச் சுவர்ச் சட்டப்படி உங்களுக்கு நோட்டீஸ் வர வேண்டும். அது வந்தால் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிடாமல் உங்கள் தரப்பில் ஒரு சர்வேயரை வையுங்கள், பெரும்பாலும் அவருக்கான கட்டணத்தையும் கட்டுபவரே தர வேண்டியிருக்கும். பெயர்ப்பலகையையும் ஓடுகளையும் உள்ளூர் ஆவணக்காப்பகத்துக்குக் கொடுக்கச் சொல்லி, இயந்திரம் வருவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்.